கவிழ்ந்து கேட்ட ஆட்டம்

ரொட்டி வேன்காரரின் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை வைத்து, கிழிந்த விழித்திரையை ஒட்டியிருந்தார்கள். குமிழி மேலேறி அந்த இடத்தை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமானால், முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். "தலையைத் தூக்கினீங்க, கண்ணு போச்சு" என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். மற்றக் கண் முன்பே மங்கல். இதுவும் போனால் ரொட்டி வேனை வேறு ஒருவர்தான் ஓட்ட வேண்டும்.

ஆகவே அண்ணன் வீட்டுக் கூடத்தில், கட்டிலில் குப்புறக் கிடந்தார் வேன்காரர். கட்டில் விளிம்புக்கு வெளியே, வட்டத் தலையணையின் ஓட்டை வழியாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு தரை ஓடுகளும், நடமாடும் அண்ணியின் பாதங்களும்தான். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார்.

வருஷம் முழுக்க அவர் காத்திருந்த டென்னிஸ் போட்டி இந்த வாரம் பார்த்தா வர வேண்டும்! அதுவும் அவருக்குப் பிடித்த இடக்கை ஆட்டக்காரருக்கு இதுதான் கடைசிப் போட்டி. தாடி நரைத்த மனிதர். பெரிய கோப்பை எதையும் தூக்கியதில்லை. ஆனால் நடுவர் தவறாகத் தனக்குத் தந்த புள்ளியை ஒருமுறை எதிராளிக்கே திருப்பிக் கொடுத்தவர். அன்றிலிருந்து வேன்காரர் அவர் பக்கம்.

டிவி ஓடியது. கடைசி செட், ஆட்டக்காரர்கள் சமநிலையில் இருந்தார்கள். வர்ணனையாளர்கள் இருவரும் அடுத்து ஆடப்போகும் நட்சத்திர வீரரின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே "அடடா! என்ன ஒரு அடி!" என்றார்கள். யார் அடித்தது, எங்கே விழுந்தது, ஒன்றும் இல்லை. கண் இருப்பவர்களுக்கான பேச்சு அது.

"இவனுங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா அண்ணி? மோதிரத்தைப் பத்தியே பேசுறாங்க."

"நான் சொல்றேன் தம்பி. எனக்கு ஆட்டம் தெரியாது. பார்த்ததைச் சொல்றேன், போதுமா?"

"போதும். நரைச்ச தாடிக்காரர் எந்தப் பக்கம்?"

"திரையில கீழ்ப்பக்கம். ரெண்டு பேரும் வெள்ளைச் சட்டை. கீழ்ப்பக்கத்துக்காரர் நம்மாளு, சரியா?"

அதன் பிறகு அண்ணி சொல்லச் சொல்ல, தரை ஓட்டின் மேல் ஒரு மைதானம் விரிந்தது. "நம்மாளு அடிச்சிட்டார். அவன் எடுத்துட்டான். நம்மாளு ஓடுறார்... எடுத்துட்டார்! அவன் வலையில போட்டுட்டான்." அந்தச் சுற்று முடிந்தது.

ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார்கள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பாதங்கள் கட்டிலருகே விரித்த பாயில் மறுபடி அமர்ந்தன.

"அய்யோ, நம்மாளு வெளியே அடிச்சிட்டார்... திரும்பவும் வெளியே... பாவம், இப்போ வலையில."

தாடிக்காரருக்கு என்ன ஆயிற்று? முழங்காலில் பழைய அடி, அதுதான் திரும்பிவிட்டதோ? ஒரே ஒரு பார்வை. மங்கிய கண்ணாலாவது அந்த முகத்தைக் கடைசியாக ஒருமுறை. வேன்காரர் முழங்கைகளை ஊன்றினார். தோள் எழும்பியது.

பிடரியில் ஓர் உள்ளங்கை விழுந்தது. அதில் அதட்டல் இருந்தது.

"தம்பி! ஆண்டவன் கொடுத்த கண்ணு. ஒரு பந்துக்காகத் தொலைக்காதீங்க."

"அவர் தோக்குறார் அண்ணி."

"தோக்கட்டும். நீங்க படுங்க."

தலை தணிந்தது. அண்ணி கையை எடுக்கவில்லை. சட்டென்று, "அட! முகத்தைக் கிட்டத்துல காட்றாங்க. தாடிக்காரர் மேல்பக்கம்ல நிக்கிறார்!" என்றார்.

"மேலயா? இடம் மாறிட்டாங்க அண்ணி! தண்ணி குடிச்சா இடம் மாறுவாங்க. அப்போ இவ்வளவு நேரம் வெளியே அடிச்சது எதிராளி!"

"அதை யாரு என்கிட்ட சொன்னது? உங்க அண்ணன் சாப்பிட உக்கார்ற இடம் இன்னிவரைக்கும் மாறினதில்ல. நான் என்னத்தைக் கண்டேன்?"

குப்புறக் கிடந்தபடியே சிரித்தார் வேன்காரர். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

அந்தச் சந்தோஷம் நெடுநேரம் நிற்கவில்லை. எதிராளி இளைஞன், கால் சளைக்கவில்லை. அண்ணி இப்போது ஒவ்வொரு முறையும் தாடியைத் தேடிப் பார்த்துவிட்டே சொன்னார். கடைசியில் குரல் இறங்கியது.

"முடிஞ்சிடுச்சு தம்பி. நம்மாளு பந்து வலையில விழுந்திடுச்சு."

வேன்காரர் கேட்டார்: "போறப்போ ஜனங்க எழுந்து நின்னாங்களா? கை தட்டினாங்களா?"

தாடிக்காரர் வெளியேறிய நேரத்தில்தான் டிவிக்காரர்கள் நட்சத்திர வீரரின் கார் வந்து நிற்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கார்க் கதவு, காலணி, கைக்கடிகாரம்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வேண்டாத விருந்தாளி வந்தால்கூட வீட்டில் இல்லையென்று பொய் சொல்லச் சொல்லாதவர் அண்ணி. அதுவும் தன் கண்ணை நம்பிக் கிடப்பவரிடம் இல்லாததைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"காட்டல தம்பி. வேற யாரையோ காட்டுறாங்க. நான் பார்க்கல."

"சரி அண்ணி."

பிடரியிலிருந்து கை விலகியது. டிவி நின்றது. தலையணை ஓட்டை வழியே பார்த்தார்: அண்ணியின் பாதங்கள் பாயை விட்டு இறங்கி, ஓட்டின் மேல் சேர்ந்து நேராக நின்றன. பிறகு மேலேயிருந்து ஒரு சத்தம். மாவும் சோப்பும் பழகிய இரண்டு கைகள், முதலில் கூச்சத்தோடு, பிறகு நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

வேன்காரர் தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் தொங்கவிட்டு, கட்டில் காலை விரலால் தட்டினார். அண்ணி நிறுத்தும் வரை அவரும் நிறுத்தவில்லை.