கூரைமேல் ஹர்ஷினி

துபாய் அல் குசைஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போய் அந்தப் பழைய ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நீலாதான். முத்துக் குளித்தவர்கள் எப்போதோ விட்டுப்போன ஊர். பவளக்கல் சுவர்கள், காற்றை வீட்டுக்குள் இறக்கும் கோபுரங்கள், ஒரு சின்னப் பள்ளிவாசல். பாதி வீடுகளைச் செப்பனிட்டிருந்தார்கள். மற்றவற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே போகக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள்.

கணவன் தியாகுவும் ஏழு வயது மகள் ஹர்ஷினியும் போட்டோ எடுத்துக்கொண்டே பின்தங்கிவிட்டார்கள். நீலா ஒரு சுவரில் பதிந்திருந்த சிப்பிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

குரல் மேலேயிருந்து வந்தது. திரும்பி ஓடினாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், இடிந்த வீட்டின் மாடி நடுவில் ஹர்ஷினி அசையாமல் நின்றாள். கீழே தியாகு கையில் போனோடு வெளிறிப்போய் நின்றான். பேரீச்சங்கட்டைகளை அடுக்கி மண் பூசிய கூரை அது. வீட்டுக்குள் மண் பொலபொலவென்று கொட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா, இட்ஸ் மூவிங்..."

நீலா படியை நோக்கிப் பாய்ந்தாள். பின்னாலிருந்து ஒரு கை இழுத்து நிறுத்தியது. காவலாளி. சட்டையில் ஹஸ்னைன் என்று பெயர்.

"மத் ஜாவோ, போகாதீங்க! நீங்க ஏறினா ரெண்டு பேரும் உள்ள போயிடுவீங்க" என்றார் இந்தியில். "குழந்தையைப் படுக்கச் சொல்லுங்க. சுவர்கிட்ட ஊர்ந்து வரட்டும்." சொல்லிவிட்டு, செப்பனிடுகிறவர்கள் வைத்திருந்த ஏணியை எடுக்க ஓடினார்.

நீலா கூரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஹர்ஷு, மெதுவா குப்புறப் படுத்துக்கோடா."

"ஐ கான்ட், அம்மா."

"முடியும். கீழ பாக்காத. என் குரலை மட்டும் கேளு. வா... இன்னும் கொஞ்சம்..."

ஹர்ஷினி படுத்தாள். ஊர்ந்தாள். பாதி வழியில் படாரென்று ஒரு கட்டை முறிந்து உள்ளே விழுந்தது. வாசல் வழியாகவும் கூரை வழியாகவும் புழுதி கிளம்பியது. எதுவும் தெரியவில்லை. நீலா மகளின் பெயரைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிடவே பயந்தாள்.

புழுதிக்குள் இருமல் கேட்டது. சுவரின் விளிம்பில் ஒரு சின்னக் கை. ஹஸ்னைன் ஏணியில் ஏறி அந்தக் கையைப் பிடித்து, பிள்ளையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

முழங்கால் இரண்டும் சிராய்த்திருந்தன. வேறொன்றும் இல்லை. நீலா தலை முதல் கால் வரை இரண்டு தடவை தடவிப் பார்த்தாள்.

"போர்டைப் பாக்கலையா, மகளே?" என்றார் ஹஸ்னைன்.

"அப்பாதான் ஏறச் சொன்னாங்க. ஃபார் த போட்டோ."

தியாகு தலையைக் குனிந்துகொண்டான். "கோபுரம் பின்னாடி வந்தா நல்லா இருக்கும்னு... ஒரு நிமிஷம்தானேன்னு நினைச்சேன், நீலா."

நீலா அவனைப் பார்க்கவில்லை. திரும்பும்போது பின்சீட்டில் மகளோடு உட்கார்ந்துகொண்டாள். ஹர்ஷினி தூங்கிய பிறகும் நீலா அவள் கணுக்காலைப் பிடித்த பிடியை விடவில்லை.

ஷார்ஜா டிராஃபிக்கில் வண்டி நின்றபோது தியாகு கண்ணாடியில் பார்த்தான். "திட்டவாவது செய்யேன்."

"இன்னைக்கு வேணாம்" என்றாள் நீலா. "வாயைத் திறந்தா என்ன வரும்னு எனக்கே பயமா இருக்கு."