முதுகில்லாத வீடு

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசி வியாழக்கிழமை முதல், புளியந்தீவில் கிளாறிஸ் ரீச்சரின் வீட்டுச் சாமான்கள் எதற்கும் பின்பக்கம் கிடையாது. கதிரையின் நான்கு கால்களும் முதுகும் அடிப்பலகையும் ஒரே பார்வைக்குத் தெரிந்தன. அலுமாரி சுவரோடு ஒட்டி நின்றபடியே, ஒட்டிய பக்கத்தையும் காட்டியது. பூனை வந்தால் முகமும் வாலும் சேர்ந்தே வந்தன. பக்கத்து வீட்டுப் புஸ்பம் தேங்காய் துருவத் திருவலை இரவல் கேட்டு வந்தவள், வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இனிக் கூட்டுறது லேசு, என்ன? ஊத்தை ஒளிக்க இடமில்ல" என்றாள். திருவலையை எந்தப் பக்கம் பிடிப்பதென்று கொஞ்சம் தடுமாறி எடுத்துக்கொண்டு போனாள். அந்த மாதங்களில் ஊரில் அதைவிடப் பெரிய விசயங்கள் நடந்துகொண்டிருந்தன. சோதனை போட வந்தவர்களும், ஒளிக்க இடமே இல்லாத வீட்டில் தேட என்ன இருக்கிறது என்று வந்த வேகத்தில் திரும்பிவிட்டார்கள்.

காரணம் கிளாறிஸுக்குத் தெரியும். அவள் புருஷன் நெவில் தச்சுவேலை செய்பவன். வயலின் வாசிப்பான். வெள்ளைக்கார வழிவந்த ஊர்ப் பறங்கியர் கலியாணம் எதுவும் அவன் வயலின் இல்லாமல் நடந்ததில்லை. சேர்ச்சிலிருந்து மணமக்களை வீட்டுக்கு அழைத்து வரும்போது, அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே வாசிப்பான். பெண்ணுக்கு முதுகு காட்டக்கூடாது என்பது அவனாகப் போட்டுக்கொண்ட சட்டம். இருபது வருடத்தில் ஒரேயொரு தடவை வாய்க்காலுக்குள் விழுந்தான், வயலின் நனையவில்லை. அந்த வியாழக்கிழமை காலையில் துவக்கோடு வந்தவர்கள் தெருவைச் சுற்றிவளைத்து, ஆண்களை வரிசையாக்கி, ஆளைக் காட்டிக்கொடுக்கச் சாக்கால் முகத்தை மூடி நிறுத்திய தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடத்தினார்கள். நெவிலின் முறை வந்தபோது சாக்கு அசைந்தது. கூட்டிக்கொண்டு போனபோது, வாசல் படலையில் நின்ற கிளாறிஸைப் பார்த்தபடி அவன் பின்னோக்கியே நடந்தான். "போயிட்டு வாறன் கிளாறிஸ், சோத்த மூடி வை" என்றான். சந்தி வரை முகம் தெரிந்தது. பிறகு சந்திதான் தெரிந்தது. அவன் போகிற முதுகை அவள் பார்க்கவேயில்லை. உள்ளே வந்தால், வீட்டில் எதற்கும் முதுகு இல்லை. அவள் சோற்றை மூடி வைத்தாள். மறுநாளும் வைத்தாள்.

கிளாறிஸ் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்தாள். உயர்தர வகுப்புக்குக் கியூபிசம் பற்றி ஒரு நோட்ஸ் வைத்திருந்தாள். வருடாவருடம் அதே நோட்ஸ், அதே இடத்தில் அதே கொட்டாவி. 1907 அளவில் பாரிஸில் இரண்டு நண்பர்கள் தொடங்கியது. உலகத்தை உருளை, கூம்பு, கோளமாகப் பார்க்கச் சொன்ன ஒரு கிழவரிடமிருந்தும், ஆபிரிக்க முகமூடிகளிலிருந்தும் பிறந்தது. ஒரு பொருளின் எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் காட்டுவது. முதலில் பொருளை உடைத்தார்கள். சாம்பலும் மண்ணிறமும் மட்டும் பூசினார்கள். பிறகு பத்திரிகைத் துண்டுகளை ஒட்டினார்கள். பிறகு நிறங்கள் திரும்பி வந்தன. 1914இல் யுத்தம் வந்தது. ஒரு நண்பர் மற்றவரை ரயில் நிலையத்தில் பட்டாளத்துக்கு வழியனுப்பினார். அந்த நட்பு பிறகு பழையபடி ஆகவில்லை. முற்றுப்புள்ளி. அவளுக்கு அந்தப் படங்கள் பிடிக்காது. நெவிலுக்கு அவற்றைப் பார்த்தால் சிரிப்பு வரும். வயலினைத் துண்டுதுண்டாகப் போட்ட படம் ஒன்றைக் காட்டி, "முதுகுப் பலகையையும் முன்னுக்குக் கொண்டு வந்திட்டான். முதுகு இல்லாட்டி வயலினுக்குச் சத்தம் எங்கால வரும்?" என்று கேட்பான். அவன் சொன்னது சரிதான். சுவரில் தொங்கிய அவனுடைய வயலினை அந்த ஆகஸ்டுக்குப் பிறகு எவ்வளவு மீட்டினாலும் ஒன்றும் கேட்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு வந்தது. விண்ணப்பத்தோடு நேராகப் பார்க்கும் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். அடையாள அட்டை நெவிலோடு போய்விட்டது. கிளாறிஸ் ஊரிலுள்ள கலியாண அல்பங்களையெல்லாம் புரட்டினாள். எல்லாவற்றிலும் அவன் இருந்தான். எல்லாவற்றிலும் ஓரத்தில், கன்னத்தை வயலினில் வைத்து, பாதி முகத்தோடு இருந்தான். அவர்களுடைய சொந்தக் கலியாணப் படத்திலும் அதே கதிதான். வாசிக்க வேண்டியவன் குடிவெறியில் விழுந்துவிட்டதால் மாப்பிள்ளையே வயலினை எடுத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள், இப்போது அதே படத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

வேறு வழியில்லாமல் வரைய உட்கார்ந்தாள். எல்லாப் பக்கமும் ஒன்றாகத் தெரியும் வீட்டில் வேறெப்படி வரைவது? கழுத்து உருளையாக வந்தது, மூக்கு கூம்பாக வந்தது. பிறகு முகம் உடைந்தது. இடது காது, சோறு தின்னும்போது அசையும் தாடை, சைக்கிள் பாரில் அவள் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்த நாடி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஊருக்குள் சாயம் வராத காலம். நெவிலின் பட்டறையில் மிஞ்சியிருந்த சாம்பல் நிறப் பெயின்றும் மண்ணிற வார்னிஷும்தான் கைக்கு வந்தன. அவையும் தீர்ந்தபோது, மரம் தேய்க்கும் மண்தாளையும் சீவல் சுருளையும் காணாமல் போனவர்களின் பெயர்ப்பட்டியல் வந்த பத்திரிகைகளையும் ஒட்டினாள். நோட்ஸ் சொன்ன வழியிலேயே தான் நடந்திருப்பதை ஒருநாள் வகுப்பில் வாசிக்கும்போதுதான் கண்டாள். ரயில் நிலைய வரியில் வாசிப்பை நிறுத்தினாள். மேடையில் நின்றவர், போகிறவரின் முதுகைப் பார்த்தாரா? நோட்ஸில் இல்லை. பிள்ளைகள் பேனையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

படத்தின் நடுவில் ஒரு கையகலத்துக்கு வெறும் இடம் இருந்தது. பட்டறையில் குனிந்திருக்கும் நெவிலின் முதுகு அவளுக்கு மனப்பாடம். அதை அங்கே வைத்துப் பார்த்தாள். விடிந்தால் உரிந்து கீழே கிடந்தது. வெறும் இடத்தோடேயே குழுவிடம் கொண்டுபோனாள்.

"இது ஆளா, உடைஞ்ச கதவா?" என்று கேட்டார் எழுதுவினைஞர்.

"ஆள்தான் சேர். எல்லாப் பக்கமும் இருக்கு. ஒரு பக்கம்தான் இல்ல."

விண்ணப்பம் படமில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அவள் படத்தை முன்னறையில் மாட்டினாள். மத்தியானம் சோற்றை மூடி வைப்பதும், பொழுதுபடப் பூனைக்குப் போடுவதும் நிற்கவில்லை. பூனை முன்னும் பின்னும் ஒன்றாகக் கொழுத்தது.

2002இல் சண்டை ஓய்ந்து, பாதைகள் திறந்து, கடைகளுக்குச் சாயம் வந்தது. அவள் நீலமும் மஞ்சளும் வாங்கி நெவிலுக்குக் கலியாணச் சட்டை போட்டாள். அந்தக் கிழமைதான் சித்தாண்டியிலிருந்து வினாயகமூர்த்தி என்ற வயற்காரர் விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் படத்தைக் கண்டதும் அப்படியே நின்றார். "ஓம், இவர்தான்" என்றார். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் படத்தை அடையாளம் கண்ட முதல் ஆள்.

ஒரு பழைய நெல்லு மில்லில் பதினொரு நாள் அவரையும் நெவிலையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தியிருந்தார்களாம். நெவில் சுவரில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தானாம். வெளியே போகிறவர் மற்றவர் வீட்டுக்குச் சொல்லவேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. வெளியே வந்த பிறகும் வர இவ்வளவு காலம் பயம் விடவில்லை என்று அவர் தலையைக் குனிந்தார்.

"மறுகா ஒருநாள் பின்னேரம் அவர்ர பேரக் கூப்பிட்டாங்க ரீச்சர். எழும்பிப் போனார்."

"எப்பிடிப் போனார்? பின்னுக்கு நடந்தா?"

"இல்ல. நேராத்தான். கிறுகியும் பாக்கல்ல. எங்களுக்கு முதுகுதான் தெரிஞ்சிச்சி. சட்டையெல்லாம் சுவத்துச் சுண்ணாம்பு. இடது தோள் கொஞ்சம் சரிஞ்சி. மறுகா அவர ஒருத்தரும் காணல்ல."

கிளாறிஸ் படத்தின் நடுவிலிருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். "அங்க நான் நிக்கல்லத்தானே" என்றாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தூரிகையை எடுத்தாள். வினாயகமூர்த்தி சொல்லச் சொல்ல வரைந்தாள்: சரிந்த இடது தோள், சுண்ணாம்புத் திட்டு, திரும்பாத பிடரி. கையகல இடம் அளவாக நிரம்பியது.

விடிந்து பார்த்தபோது சாயம் உரியவில்லை. கதிரை தன் பின்கால்களை மறைத்துக்கொண்டு நின்றது. அலுமாரிக்குப் பின்னால் இருட்டு இருந்தது. பூனை முகத்தோடு வந்து வாலோடு போனது. புஸ்பம் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய திருவலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இனிப் பின்னாலயும் கூட்ட வேணும்" என்றாள். கிளாறிஸ் வயலினை இறக்கித் திருப்பிப் பார்த்தாள். முதுகுப் பலகை இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வில்லை ஒரு தடவை இழுத்தாள். நெவில் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பான். ஆனால் சத்தம் வந்தது. படத்தைப் பார்த்தபடி இன்னும் இரண்டு தடவை இழுத்தாள். கண்ணீர் தாடையில் வழிந்து வயலினில் சொட்டியது.

படம் மட்டும் இன்றைக்கும் எல்லாப் பக்கத்தையும் காட்டிக்கொண்டு முன்னறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் எந்தப் பக்கத்தால் வந்தாலும் நெவிலுக்குத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். வயலினை இழுத்த அன்று மத்தியானம் கிளாறிஸ் வழக்கம்போல் சோறாக்கி மூடி வைத்தாள். பிறகு மூடியைத் திறந்து, அந்தச் சோற்றைத் தானே சாப்பிட்டாள்.