அச்சு மாறிய காசு

குளிப்பாட்டிப் பெட்டியில் கிடத்தியிருந்த கணவரின் நெற்றியில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் ஒரு செப்புக்காசை அழுத்தினாள் குமுதா. மகள் தினேஸ்வரி எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"அம்மா, இது அப்பாவோட சேவல் காசு. வேற அம்பது காசு வைக்கலாம்லா."

"தெரிஞ்சுதான் வைக்கிறேன். விடு."

ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூர் வணிகர்கள் சீமையில் அடித்து வரவழைத்த காசு அது. ஒரு பக்கம் சேவல். மறுபக்கத்து எழுத்தோ வேறொரு வணிகரின் காசுக்கு உரியது. பட்டறையில் யாரோ அச்சை மாற்றிப் பூட்டியிருக்க வேண்டும். சுங்காய் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தை இடித்தபோது மண்ணில் கிடைத்தது என்பார் அவள் கணவர் உடையப்பன். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அவரை ஈப்போ நாணயச் சங்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது அந்த ஒரு காசால்தான். மூன்று வருடங்களுக்கு முன், சங்கத்தில் எல்லோரும் மதிக்கும் காம்பார் இராசையா வாத்தியார் காசின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் 'போலி' என்று எழுதினார். அதன்பிறகு உடையப்பன் சங்கத்துப் பக்கமே போகவில்லை.

மதியம் வாத்தியார் வந்தார். மாலையை வைத்துவிட்டுக் குனிந்தவர் நிமிரவில்லை.

"பிள்ளை, இந்தக் காசை ஒருக்கா எடுத்துப் பார்க்கலாமோ?"

முடியாது என்று சொல்லத்தான் தினேஸ்வரிக்கு வாய் வந்தது. அம்மாவைப் பார்த்தாள். குமுதா தலையசைத்தாள். காசை எடுத்தபோது அப்பாவின் நெற்றி விரலில் சில்லென்று பட்டது.

வாத்தியார் அதைக் கைக்குட்டையால் துடைத்து, சன்னலோரம் போய்ப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"வாலுக்கு மேல மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. என்னட்ட இருக்கிற சேவல் காசிலயும் அதே இடத்தில இருக்கு. ஒரே அச்சு." காசைத் திருப்பினார். "மற்றப் பக்கமும் சரி. இது போலி இல்லை. நான்தான் பிழை விட்டிட்டன்."

சங்கம் கூடும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கும் போகாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்த அப்பா தினேஸ்வரியின் நினைவுக்கு வந்தார்.

"எங்ககிட்ட எதுக்கு சொல்றீங்க?" என்றாள் குமுதா. குரலில் கோபம் இல்லை. "அவருகிட்ட சொல்லுங்க."

வாத்தியார் காசைத் தினேஸ்வரியின் கையில் வைத்தார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உடையப்பனின் காதருகே மெல்லக் குனிந்தார். வாசலில் சவ வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

தினேஸ்வரி நகர்ந்து போய், கடகடவென்று இரைந்துகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள்.