கதவிலேயே சாவி இருக்கும்

"கதவைத் தட்டிடாதே" என்றான் இசிடோரோஸ். "என்ன ஆனாலும் தட்டாதே."

கப்பலின் பின்கதவு கரகரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. கியோஸ் தீவின் துறைமுகத்தில் விளக்குகள் இன்னும் அணையவில்லை. லாரிகள் முட்டி மோதிக்கொண்டு உறுமின. அவன் தோளில் வடக்கயிறு. லூக்கியாவின் ஒரு கையில் பை, மறு கையில் பிரேயஸிலிருந்து பத்திரமாகத் தூக்கிவந்த இனிப்புப் பெட்டி.

"தட்டாம எப்படி உள்ளே போறது? ஜன்னல் ஏறிக் குதிக்கவா?"

"கதவிலேயே சாவி இருக்கும். திருப்பு, உள்ளே போ. எங்க ஊர் மெஸ்தாவுல கதவைத் தட்டறவன் ஒண்ணு வரி ஆபீஸ்காரன், இல்லேன்னா போலீஸ்."

"வீடு எதுன்னு எப்படித் தெரியும்?"

"கோயிலுக்குப் பின்னாடி, மூணாவது வளைவு தாண்டினதும். நீலக் கதவு. வாசல்ல தக்காளிச் சரம் தொங்கும். சதுக்கத்துல யார்கிட்டயும் வழி கேட்டுடாதே. கேட்டேன்னா நீ போய்ச் சேர்றதுக்குள்ள உன் வயசு, எடை எல்லாம் அக்காவுக்குப் போயிடும்."

ஊதல் அலறியது. இந்தக் கப்பல் அடுத்த தீவான மிட்டிலினிவரை போய்ச் சாயங்காலம்தான் திரும்பும். அதில் அவன் வேலை முடிந்து இறங்குவான். அதுவரை அவள் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும்.

"ஒரு மணிக்குச் சாப்பாடு. அக்காவுக்கு லேட்டா வந்தாப் பிடிக்காது" என்று கத்தினான்.

"உங்க அக்காவுக்கு என்னதான் பிடிக்கும்?"

பதில் லாரிச் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

லூக்கியாவுக்கு நாற்பத்து நாலு வயது. பிரேயஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் முடி திருத்தும் கடை. நாலு வருடம் முன்பு ஒரு மழை நாளில் கப்பல்காரன் ஒருவன் முடி வெட்டிக்கொள்ள வந்தான். வெட்டி முடித்த பிறகும் எழுந்து போகவில்லை. நல்லவன், வேடிக்கையாகப் பேசுவான். ஒரே ஒரு குறை, அவனுடைய அக்கா ஆர்கிரோ. அம்மா போன பிறகு ஏழு வயதுத் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவள் 'சரி' என்று சொல்லாமல் அவன் கல்யாணம் செய்துகொள்ள மாட்டான். இதற்கு முன் இரண்டு பெண்கள் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள். முதலாமவள் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். ஆர்கிரோ திறக்கவே இல்லை. இரண்டாமவள் உள்ளே போனாள். பருப்புச் சாற்றை ஒரு வாய் குடித்துவிட்டு, "இங்கேருந்து கடல் தெரியாதா?" என்று கேட்டாள். அதோடு முடிந்தது.

லூக்கியா ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். இன்றைக்கு 'சரி' வந்தால் சரி. வராவிட்டால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துத் துறைமுகம் போய், அதே கப்பலில் திரும்புவது. அதற்குமேல் காத்திருக்க அவளுக்குத் தெம்பில்லை.

பஸ் அவளை மெஸ்தாவின் ஊர் மதிலுக்கு வெளியே இறக்கிவிட்டபோது மணி பதினொன்று. வாசல் வளைவுக்குள் நுழைந்தாள். அடுத்த நிமிடமே குளிர்ந்தது. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்து. தலைக்கு மேலே வீடுகள் கைகோத்துக்கொண்டு வானத்தை மறைத்தன. கோயில் தெரிந்தது. அதன் பின்னால் போனாள். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. நீலக் கதவு. தக்காளிச் சரம். பூட்டில் சாவி.

பக்கத்திலும் நீலக் கதவு. தக்காளிச் சரம். சாவி.

எதிரிலும்!

மெஸ்தாக்காரர்களுக்கு வழி சொல்லத் தெரியாது. பிறந்ததிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற சந்துக்கு அடையாளம் சொல்லச் சொன்னால் என்னத்தைச் சொல்வார்கள்? தன் வீட்டுத் தக்காளி தனித் தக்காளி என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

லூக்கியா திரும்பி நடந்தாள். சந்து முட்டுச் சுவரில் போய் நின்றது. இன்னொன்றில் புகுந்தாள். அது வளைந்து வளைந்து மறுபடி கோயிலுக்கே கொண்டுவந்து விட்டது. ஒரு சாம்பல் பூனை மூன்றாவது முறையாக அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. ஜன்னலிலிருந்து ஒரு கிழவர், "காலை நடையா பொண்ணே? உடம்புக்கு நல்லது" என்றார். சதுக்கத்தில் கேட்கலாமா? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். கடைசியில் மூன்று நீலக் கதவுகளுக்கு நடுவே நின்று மூக்கை உபயோகித்தாள். ஒரு வீட்டில் அடுப்பில் எதுவோ வேகும் வாசனை. விருந்தாளிக்குச் சமைக்கிற வீடு அதுதானே?

சாவியைத் திருப்பி உள்ளே போனாள்.

"வந்துட்டியா! கதவைச் சாத்து, தூசி பறக்குது" என்றது ஒரு குரல்.

நீள மேஜை. அதன் மேல் குவியல் குவியலாக மாஸ்திக்கா பிசின். கண்ணீர்த் துளி மாதிரி மணிமணியாக, பட்டைத் துணுக்கும் மண்ணும் ஒட்டிக்கொண்டு. மேஜைக்குப் பின்னால் உருண்டையாக ஒரு பெண்மணி, மூக்கு நுனியில் கண்ணாடி. மரத்தைக் கீறி எடுத்த பிசினைக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்யாத வீடே அந்த ஊரில் கிடையாது. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு தட்டும் ஒரு சின்னக் கத்தியும் கைக்கு வந்துவிடும்.

லூக்கியாவுக்கும் வந்தது.

"உக்காரு. பெருசு தனி, பொடி தனி. பட்டையைச் சுரண்டணும், பிசினை உடைச்சிடக் கூடாது."

'சோதனை ஆரம்பமாயிடுச்சு' என்று நினைத்துக்கொண்டாள் லூக்கியா. இனிப்புப் பெட்டியை நீட்டினாள். "இது உங்களுக்கு."

"எனக்கா!" அந்த முகம் விளக்குப் போட்டது போல் ஆயிற்று. பெட்டி அடுத்த நொடி திறந்தது. ஒன்று வாய்க்குள் போனது.

இருபது வருடம் கத்தரிக்கோல் பிடித்த விரல்கள் லூக்கியாவினுடையவை. பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. அரை மணியில் அவள் தட்டு நிறைந்தது.

"நல்ல கை. போன வருஷம் பக்கத்து ஊர் பிர்கியிலேருந்து வந்தவ பாதியை உடைச்சே வெச்சா" என்று சொல்லிக்கொண்டே பெண்மணி இன்னொரு இனிப்பை எடுத்தாள். அத்திப்பழச் சாராயம் ஒரு குட்டிக் கோப்பையில் வந்தது. குடித்ததும் லூக்கியாவுக்குத் தைரியமும் வந்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆர்கிரோ அக்கா, மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன்."

எதிரே இருந்த கத்தி பாதிச் சுரண்டலில் நின்றது. கண்ணாடிக்கு மேலே இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன.

"சொல்லு சொல்லு" என்றாள் பெண்மணி மெதுவாக. நாற்காலியையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்ககிட்டேருந்து உங்க தம்பியைப் பிடுங்க நான் வரலை. பிடுங்கவும் முடியாது. எங்களுக்குள்ள வந்த முதல் சண்டையே உங்களாலதான். வாயைத் திறந்தா அக்கா, அக்கா, அக்கா. உங்க செருப்பு அளவு எனக்குத் தெரியும். உங்க பருப்புச் சாறு மாதிரி வரணும்னு ஏழு தடவை வெச்சுப் பார்த்தேன். ஏழு தடவையும் குடிச்சுட்டு, 'நல்லா இருக்கு, ஆனா'ங்கறார். அந்த 'ஆனா'வுக்கே அவரைக் கடல்ல தள்ளியிருக்கணும்."

பெண்மணியின் தோள்கள் குலுங்கின. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சிரிக்காதீங்கக்கா. நீங்க வேண்டாம்னு சொன்னா அவர் என்னை விடவும் மாட்டார், கட்டவும் மாட்டார். அறுபது வயசு வரைக்கும் துறைமுகத்துல நின்னுக்கிட்டே காபி குடிச்சிட்டிருப்போம். எனக்கு அது வேண்டாம். ஒருத்தருக்கு வீடுன்னா எதுன்னு தெரியணும் இல்லையா? அவர் வீடுன்னு சொல்றது இதைத்தான். அதனால இங்கேயே வந்து கேட்கறேன். உண்டா, இல்லையா?"

அடுப்பு சடசடத்தது. பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணையும் துடைத்தாள்.

"நானா இருந்தா நீ தட்டை நிரப்பினப்பவே 'உண்டு'ன்னு சொல்லியிருப்பேன், கண்ணு. ஆனா என் பேரு கலியோப்பி. ஆர்கிரோ பக்கத்து வீடு."

லூக்கியா எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"பிர்கியிலேருந்து பிசின் சுத்தம் பண்ண ஆள் வர்றதா இருந்துது. நீதான்னு நெனச்சேன். அப்புறம் நீ கதையை ஆரம்பிச்சுட்டே. நடுவுல நிறுத்த எனக்கு மனசு வரலை."

"மணி ஒண்ணே கால்! சாப்பாட்டுக்கு லேட்டு. வெறுங்கை வேற. பெட்டியை உங்ககிட்டக் கொடுத்துட்டேன்!"

"அதுல மூணு போச்சு" என்று கலியோப்பி ஒப்புக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இதைவிடப் பெரிய சங்கடம் ஒண்ணு இருக்கு. நானும் அவளும் பேசி ஆறு வருஷம் ஆச்சு. என் மொட்டை மாடிக்கு சிமெண்ட் போட்டேன். சரிவு அவ பக்கம் போயிடுச்சு. அந்த வருஷ மழையில அவ சுத்தம் பண்ணி வெச்ச ஒரு மூட்டைப் பிசின் ஊறிப் போச்சு. அவ கத்தினா. நான் அதுக்கு மேல கத்தினேன். நீ என் வாசல்லேருந்து வெளியே வர்றதை யாராவது பார்த்தா அவ்வளவுதான். மாடி வழியா போயிடு. சந்துல வழி தெரியலைன்னு சொல்லிடு."

மேல் பரணைத் துழாவி ஒரு தட்டை எடுத்தாள். வெள்ளைத் தட்டு, நடுவில் நீல மீன். அதில் படிந்திருந்த தூசியை இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்தாள். ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சர்க்கரைப் பாகில் ஊறிய குட்டிக் கமலா ஆரஞ்சுகளை அதில் அடுக்கினாள்.

"வெறுங்கையோட போகாதே. இந்தா."

மொட்டை மாடிக்கு வந்ததும் லூக்கியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஊர் முழுக்க ஒரே மாடி. வீட்டுக்கு வீடு கால் எடுத்து வைத்தால் போதும். அந்தக் காலத்தில் கடற்கொள்ளைக்காரன் வந்தபோது சனங்கள் ஓடித் தப்பிய வழி இது. தான் தப்பிக்கவா போகிறோம், மாட்டிக்கொள்ளவா? கையில் பாகுத் தட்டு தளும்ப, பக்கத்து வீட்டுப் படியில் இறங்கினாள்.

கீழே, கடைசிப் படிக்கு எதிரே, கைகளைக் கட்டிக்கொண்டு நெட்டையாக, ஒல்லியாக ஆர்கிரோ நின்றிருந்தாள். இசிடோரோஸின் அதே மூக்கு. மேஜையில் இரண்டு தட்டுகள், ஆறிப்போன ஆட்டுக்கறி.

"பிரேயஸ்ல எல்லாரும் இப்படித்தான் வருவாங்களா?"

"நான் லூக்கியா."

"தெரியும். ஒரு மணிக்குச் சாப்பாடு. எங்கே சுத்திட்டு வர்றே?"

'சந்துல வழி தெரியலை' என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் போதும். பாதி உண்மையும்கூட. ஆனால் இந்த வீட்டில் காலை வைத்த முதல் நிமிடமே பொய் சொன்னால், பிறகு என்றைக்கு நிஜம் பேசுவது?

"பக்கத்து வீட்ல இருந்தேன். நீங்கன்னு நெனச்சு உள்ளே போயிட்டேன். ஒரு தட்டுப் பிசின் சுத்தம் பண்ணினேன். உங்ககிட்டச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவங்ககிட்டச் சொல்லிட்டேன். உங்களுக்கு வாங்கிட்டு வந்த இனிப்பையும் அவங்களுக்கே கொடுத்துட்டேன்."

"எத்தனை தின்னா?"

"எது?"

"இனிப்பு. எத்தனை தின்னா?"

"மூணு."

"அவளுக்குச் சர்க்கரை வியாதி! டாக்டர் ஒண்ணுகூடத் தொடக் கூடாதுன்னிருக்கார்." ஆர்கிரோ அடுப்புப் பக்கம் கையைக் காட்டினாள். "ரெண்டு வீட்டுக்கும் புகைக்கூண்டு ஒண்ணு. அவ தும்மினா என் அடுப்புல கேக்கும். பன்னண்டு மணியிலேருந்து இங்கே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன். நான் பெறாத குறையா வளர்த்தவனை இன்னொருத்திகிட்டப் பெண் கேட்கற மாதிரி நீ கேட்டுக்கிட்டு இருக்கே. கூப்பிடலாம்னா அவளோட பேச்சு வார்த்தை இல்லை. எப்படி இருந்திருக்கும் எனக்கு?"

லூக்கியாவுக்கு முகம் காதுவரை சிவந்தது. செருப்பு அளவு, 'ஆனா', கடலில் தள்ளுவது எல்லாம் கேட்டிருக்கிறது. தட்டை நீட்டினாள்.

ஆர்கிரோ தட்டைப் பார்த்தாள். கட்டியிருந்த கைகள் மெல்ல அவிழ்ந்தன.

"இது என் தட்டு" என்றாள். "ஈஸ்டருக்கு ரொட்டி வெச்சு அனுப்பினேன். அதுக்கு மறுவாரம்தான் மழை. தட்டைக் காலியாத் திருப்பறது எங்க ஊர்ல வழக்கமில்லை. ஏதாவது வெச்சு அனுப்பினா அவ இறங்கி வந்ததா ஆயிடும். அதான் ஆறு வருஷமா அங்கேயே கிடந்துது." நகத்தால் நீல மீனின் வாலைத் தொட்டுப் பார்த்தாள். "உடையலை."

பிறகு அடுப்புக்குள் தலையை நீட்டி, "கலியோப்பி!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

"காது கேக்குது! எதுக்கு இப்படிக் கத்தறே?" என்றது புகைக்கூண்டு.

"கறி ஆறிப் போச்சு, மறுபடி சூடு பண்றேன். மேலே ஏறி வா. அந்தப் பெட்டியை எடுத்துட்டு வா. வழியில ஒண்ணு தொட்டே, கையை உடைப்பேன்!"

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். முதலில் அக்கம்பக்கத்து இருவரும் மாடிச் சரிவு பற்றிச் சண்டை போட்டார்கள். பிறகு யார் வீட்டுக் கறியில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டார்கள். லூக்கியா கேட்டதற்குப் பதில் மட்டும் வரவில்லை. லூக்கியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே முக்கால். எழுந்து பையை எடுக்கப் போனாள்.

அவள் முன்னால் ஒரு தட்டுப் பிசின் வந்து விழுந்தது.

"இது முடியற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது" என்றாள் ஆர்கிரோ.

மதிலுக்கு வெளியே நாலு மணி பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. யாரும் தலை நிமிரவில்லை. லூக்கியாவின் கத்தி மட்டும் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

விளக்கு ஏற்றிய பிறகு சாவி திரும்பும் சத்தம் கேட்டது. இசிடோரோஸ் உள்ளே வந்தான். மேஜையைச் சுற்றி அக்கா, லூக்கியா, அக்காவின் ஆறு வருட விரோதி. அவன் தோளிலிருந்த பை தானாகக் கீழே இறங்கியது.

"வெளிச்சத்தை மறைக்காதேடா" என்றாள் ஆர்கிரோ.

"அக்கா…" லூக்கியாவை ஒரு பார்வை பார்த்தான். "என்ன சொல்றே?"

ஆர்கிரோ ஒரு பிசின் மணியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அதைப் பெரிய குவியலில் போட்டாள்.

"வாசல் வழியா வந்த ரெண்டு பேரை வாசல் வழியாவே அனுப்பிட்டேன். இவ மாடி வழியா இறங்கி வந்துட்டா. இவளை எந்த வழியா அனுப்பறது, சொல்லு? கையைக் கழுவிட்டு வந்து உக்காரு. உனக்கும் ஒரு தட்டு இருக்கு."