கருநீல ஃபெராரியின் முதல் ஞாயிறு

பரமநாதன் ஃபெராரி வாங்கிவிட்டார் என்ற செய்தி ஒஸ்லோவின் புருசெத் பகுதி முழுக்கப் பரவி எட்டு மாதமாகியிருந்தது. ஆனால் அது ஓடுவதைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை. போன ஓகஸ்ட் முடிவில் ஸ்தவாங்கரிலிருந்து ஒரு லொறியின் முதுகில் ஏறி வந்தது. அடுக்குமாடியின் நிலக்கீழ்க் கராஜுக்குள் இறங்கியது. துணி போர்த்திக்கொண்டு படுத்தது. பிறகு மழை, பிறகு பனி, பிறகு வீதியெல்லாம் உப்பும் குறுணிக்கல்லும். "வெயில் வரட்டும், வீதியைக் கூட்டட்டும், பிறகு எடுப்பம்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலையே சொல்லிவந்தார்.

2006ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதிலும் செல்லாமல் போயிற்று. வெயில் வந்திருந்தது. வீதியைக் கூட்டியும் விட்டார்கள். காலை பதினொரு மணிக்குப் பேனாட்டும் அவன் மனைவி அனஸ்ரேசியாவும் கராஜ் கதவடியில் வந்து நின்றார்கள். ஐந்து நிமிடம் கழித்து ரங்கராஜன் கழுத்தில் கமெராவைத் தொங்கவிட்டபடி வந்து சேர்ந்தான்.

நாலு பேருக்கும் கார்ப் பைத்தியம். பேனாட் டயர்க் கடையில் வேலை செய்பவன். முன்பு வடக்கே ஹம்மர்பெஸ்ட் மீன் ஆலையில் பரமநாதனோடு ஒரே அறையில் இருந்தவன். அந்த நாளில் இருவரும் நொர்வேஜிய மொழியைப் படித்ததே கார்ச் சஞ்சிகைகளில்தான். கடையில் பால் கேட்கத் தெரியாத காலத்திலேயே சிலிண்டருக்கும் கியருக்கும் என்ன சொல் என்று தெரியும். அனஸ்ரேசியா ஒஸ்லோ நகர பஸ் ஓட்டுநர். ரங்கராஜன் கோயம்புத்தூர்க்காரன், மென்பொருள் வேலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவன். உலகத்தில் உள்ள எந்தக் காரின் குதிரைத்திறனையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருந்தான்.

பரமநாதன் துணியை முன்பக்கத்திலிருந்து மெல்லச் சுருட்டினார்.

"என்ன சார், ரெட் இல்லையா?" என்றான் ரங்கராஜன்.

"கருநீலம். உற்றுப் பாரும், விளங்கும்."

ரங்கராஜன் உற்றுப் பார்த்தான். கராஜின் குழல்விளக்கு வெளிச்சம் அந்த நீலத்துக்குள் இறங்கி, ஆழத்தில் எங்கோ கிடந்து மினுங்கியது. கதவில் வரிவரியாக ஓடிய காற்றுத் துளைகள், தரையோடு தரையாகப் படிந்த மூக்கு, பின்கண்ணாடிக்குக் கீழே எட்டுச் சிலிண்டர் எஞ்ஜின். "ஐயோ!" என்றான். குதிரைத்திறனைச் சொல்லக்கூட மறந்துபோனான்.

பேனாட் குந்தியிருந்து டயர்களை ஒவ்வொன்றாகத் தடவினான். "புதுசு மாதிரிக் கிடக்கு அண்ணை. முந்தி வைச்சிருந்தவர் ஓடவேயில்லையோ?"

"அவர் எண்ணெய்க் கம்பனி எஞ்சினியர். மாதத்திலை பாதி நாள் கடலுக்கை. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கிக் காரைப் பதிச்சு வைச்சதுதான் அவர் செய்த ஒரே வேலை."

"இருந்து பாக்கட்டே அண்ணை?" என்று கேட்டுவிட்டு அனஸ்ரேசியா ஓட்டுநர் இருக்கையில் இறங்கினாள். ஏறவில்லை, இறங்கினாள், அவ்வளவு பதிவு. கியர்க் கம்பியைப் பிடித்து, எஞ்ஜினை எழுப்பாமலே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தாள். உலோகத் தட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் கம்பி விழும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஒன்றாவது கியர் மற்றக் கார்களைப் போல மேலே இல்லை; இடப்பக்கம் கீழே இருந்தது. "எல்லாம் ஒரு வீடு தள்ளிக் கிடக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

பரமநாதனுக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் மேகம் ஏதும் கூடுகிறதா என்று பார்க்கக் காலையிலிருந்து மூன்று தடவை பல்கனிக்குப் போய் வந்திருந்தார்.

"சரி அண்ணை, எடுங்கோவன்" என்றான் பேனாட்.

அனஸ்ரேசியா இறங்க, பரமநாதன் உள்ளே இருந்து திறப்பைத் திருப்பினார். எஞ்ஜின் முதுகுக்குப் பின்னால் எழுந்து கராஜ் முழுவதையும் நிரப்பியது. ரங்கராஜன் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றான். பரமநாதன் கிளச்சை விட்டார். கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. இரண்டாம் தடவையும் நின்றது. "குளிர் அண்ணை, கொஞ்சம் சூடாகட்டும்" என்று பேனாட் ஆறுதல் சொன்னான். மூன்றாம் தடவை கார் அரக்கி அரக்கிச் சரிவில் ஏறி, வெளிச்சத்துக்கு மூக்கை நீட்டியது.

"நில்லுங்கோ! நில்லுங்கோ!"

முன்னால் ஓடிய பேனாட் நிலத்தில் வயிறு படப் படுத்துவிட்டான். கராஜ் வாசலுக்கு வெளியே, சரிவு முடிகிற இடத்தில், வீதியின் குறுக்கே ஒரு வேகத்தடை கிடந்தது. காரின் மூக்குக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் கூட இல்லை. மூக்குத் தப்பினாலும் வயிறு தப்பாது.

"இது எப்ப வந்தது? காரை இறக்கேக்கை இது இருக்கேல்லையே" என்றான் பேனாட்.

இரண்டாம் மாடி பல்கனியிலிருந்து உதயகுமாரியின் குரல் வந்தது. பரமநாதனின் மனைவி தேநீர்க் கோப்பையோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒக்டோபரிலை போட்டவங்கள். ஆர் எழுதிக் கேட்டதெண்டு அவரையே கேளுங்கோ!"

எல்லோரும் பரமநாதனைப் பார்த்தார்கள். அவர் எஞ்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"நான்தான்" என்றார். "போன வருசம் ஆனியிலை. பார்சல் வான்காரன் ஒருத்தன் பறந்து வந்து, எங்கடை மேல்வீட்டுச் சின்னப் பெடியன் சாயைச் சைக்கிளோடை தட்டப் பாத்தவன். மயிரிழையிலை தப்பினவன் பெடியன். குடியிருப்பு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, நாப்பது வீட்டிலை கையெழுத்தும் வாங்கிக் குடுத்தனான். அப்ப இந்தக் கார் கைக்கு வருமெண்டு கனவிலையும் நினைக்கேல்லை."

ரங்கராஜன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பி நின்றான். பிறகு, "சார், இன்னொரு லெட்டர் போட்டு எடுத்துடச் சொல்லுங்களேன். நீங்கதானே கேட்டீங்க, உங்க பேச்சுக்கு மரியாதை இருக்கும்" என்றான்.

"கையெழுத்து வைச்ச நாப்பது வீட்டிலையும் போய் என்னெண்டு சொல்லுறது? ஃபெராரி வந்திட்டுது, இனிப் பிள்ளையள் கவனமா இருக்கட்டும் எண்டோ?"

ஸ்பிரிங்கை மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயம் இது என்றான் பேனாட். மே மாத நடுவில் அவன் டயர்க் கடை லிப்டில் ஏற்றிப் பழைய உயரத்துக்கு மாற்றியும் கொடுத்தான். ஆனால் அது பிறகு நடந்த கதை. அன்றைக்குக் கார் வாசலில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

அந்த வேகத்தடையைப் பார்த்தபோது பரமநாதனுக்கு ஏமாற்றம் வரவில்லை. வந்தது நிம்மதி. இனிக் காரைப் பின்னால் எடுத்து, துணியைப் போர்த்தி, மேலே போய் உதயகுமாரி பொரித்துவைத்த ரோல்ஸை எல்லோருமாகச் சாப்பிடலாம். தன் மனம் இப்படிச் சந்தோசப்படுவதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

"சரி, இண்டைக்கு விதி இல்லை. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

அனஸ்ரேசியா அசையவில்லை. வேகத்தடையின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நடந்தாள். சாணால் உயரம் பார்த்தாள். "நேரா ஏறினால்தான் இடிக்கும். சரிச்சு ஏறினால் ஒரு சில்லு ஏற மற்றது கீழை நிக்கும். பேனாட், பலகை ரெண்டு எடுத்து வாரும்."

கட்டடப் பராமரிப்பாளரின் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த இரண்டு பலகைகளைப் பேனாட்டும் ரங்கராஜனும் தூக்கி வந்தார்கள். அவற்றைத் தடையின் இரு புறமும் சாய்த்துப் போட்டார்கள்.

"ஏறுங்கோ அண்ணை, நான் முன்னாலை நிண்டு காட்டுறன்" என்றாள்.

பரமநாதன் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை அவளிடம் நீட்டினார். "நீங்களே எடுங்கோ தங்கச்சி. உங்களுக்குத்தான் கணக்குத் தெரியுது."

அவள் திறப்பை வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள். கார் சரிந்து, முன் இடச்சில்லுப் பலகையில் ஏறி, மெல்லப் புரண்டு, வலச்சில்லும் ஏறியது. வயிற்றுக்குக் கீழே வெளிச்சம் ஒரு நூலளவு தெரிகிறது என்று நிலத்தில் படுத்திருந்த பேனாட் கத்திக்கொண்டேயிருந்தான். ஒரு நிமிடத்தில் கார் வீதியில் நின்றது. பல்கனிகளில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அனஸ்ரேசியா இறங்கப் போனாள். பரமநாதன் மற்றப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே இருந்துகொண்டார். "ஓட்டுங்கோ. மரிடாலன் ஏரிப் பக்கம் போவம். மற்றவை என்ரை மனுசியையும் ஏத்திக்கொண்டு பேனாட்டின்ரை கொரோலாவிலை வரட்டும்."

பெருவீதியில் எஞ்ஜின் பாடத் தொடங்கியது. அனஸ்ரேசியா அவசரப்படவில்லை; பஸ்ஸுக்குப் பழகிய கை, ஒவ்வொரு கியரையும் இடம் பார்த்துப் போட்டது. பக்கத்துப் பாதையில் போனவர்கள் கண்ணாடியை இறக்கிப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்கள். நகரத்தைத் தாண்டியதும் ஏரி வந்தது. கரையில் தண்ணீர், நடுவில் இன்னும் சாம்பல் நிறத்தில் பனிக்கட்டி.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே?" என்றாள். "நீங்கள் இதை எப்பவாவது ஓடினனீங்களோ?"

பரமநாதன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றார். "வாங்கப் போன அண்டைக்கு மழை. அந்த மனுசனையே ஓட்டச் சொல்லிப் பக்கத்திலை இருந்தனான். கராஜுக்கை லொறிக்காரன்தான் இறக்கினவன். நான் பின்னாலை நடந்து வந்தனான். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கீழை போய் அரை மணித்தியாலம் உள்ளுக்கை இருந்து பேப்பர் படிப்பன். அவ்வளவுதான்."

அனஸ்ரேசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்து முடிந்தபின் அவரே தொடர்ந்தார்.

"பதினைஞ்சு வருசமா டி-பானே ரயில் ஓடுறன். எண்ணூறு சனத்தை ஏத்திக்கொண்டு போறன், ஒரு பயமில்லை. தண்டவாளம் போற பக்கம் வண்டி போகும். இதிலை எல்லாம் என்ரை கையிலை கிடக்கு. இவ்வளவு காலம் ஆசைப்பட்டு வாங்கினதை நானே கொண்டுபோய் எதிலையாவது குத்திப்போட்டா?"

அவள் கியரை ஒன்று குறைத்து வளைவை எடுத்தாள்.

"நான் முதல் முதல் நீட்டு பஸ் எடுத்த அண்டைக்கு, பதினெட்டு மீற்றர், நடுவிலை மடியிறது, டிப்போ கக்கூசுக்குள்ளை போய் இருந்து அழுதனான். பேனாட்டுக்கும் சொல்லேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன, அஞ்சே முக்காலுக்கு வெளிக்கிட வேணும். பஸ் ஸ்ரொப்பிலை சனம் நிக்குது. கண்ணைத் துடைச்சுப்போட்டு வெளிக்கிட்டன். உங்கடை காருக்கு ஸ்ரொப்பிலை ஒருத்தரும் நிக்கேல்லை அண்ணை. அதுதான் எட்டு மாதம் படுத்துக் கிடந்தது."

பாதை காட்டுக்குள் நுழைகிற இடத்தில், மலை ஏறுபவர்களின் கார்கள் நிற்கிற பெரிய தரிப்பிடம் இருந்தது. அன்று அதில் பாதிக்கு மேல் வெறுமை. அனஸ்ரேசியா காரை நடுவில் நிறுத்தி இறங்கி, சுற்றி வந்து, அவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தாள்.

அவர் இடம் மாறி இருந்தார். முதல் தடவை நின்றது. இரண்டாம் தடவை ஒன்றாவது கியர் என்று நினைத்து மூன்றாவதைப் போட்டார்; கார் இருமி நின்றது. அவள் முன்கண்ணாடி வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை கிளச்சைக் கால் விரலால் உணர்ந்து விட்டார். கார் வழுக்கிக்கொண்டு போனது. தரிப்பிடத்தை ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. பிறகு அவள் சொல்லாமலே வீதிக்கு இறக்கினார். இரண்டு, மூன்று. மூன்றாவது கியரில் அந்தச் சத்தம் முதுகெலும்பில் ஏறி வந்தபோது, தான் வாயைத் திறந்தபடி இருப்பதை உணர்ந்தார். வேகமானி அறுபதைக் காட்டியது. அவருக்கு அது போதுமாக இருந்தது. வளைவில் கை தானாகவே திரும்பியது. அவர் நினைத்த இடத்துக்கே கார் போனது. ஒரு பண்ணை வாசலில் திருப்பி எடுத்தபோது அவருக்குப் பயம் இல்லை. பசிதான் இருந்தது.

தரிப்பிடத்துக்குத் திரும்பி வந்தபோது கொரோலாவும் வந்து நின்றது. உதயகுமாரி ரோல்ஸ் பெட்டியையும் பிளாஸ்க்கையும் அதன் முன்மூடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கணவரை ஓட்டுநர் பக்கத்தில் கண்டதும் பிளாஸ்க்கை மூட மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு மாதச் சனிக்கிழமைகளில் அவர் கீழே போய் என்ன செய்கிறார் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"இப்ப யாரு? நானா?" ரங்கராஜன் கமெராவைக் கழற்றிப் பேனாட்டிடம் கொடுத்துவிட்டுத் தயாராக நின்றான். பிறகு உதயகுமாரியின் முகத்தைப் பார்த்தான். "இல்ல, நீங்க போயிட்டு வாங்க மேடம். நான் அடுத்த ரவுண்ட்."

"எனக்கென்னத்துக்கு இந்த விளையாட்டு" என்றபடியே அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சேலையை ஒதுக்கி, தலையைக் குனிந்து, ஒரு வழியாக உள்ளே இறங்கினாள். "இதுக்குள்ளை இருந்து எழும்புறது எப்பிடியப்பா?"

"அதைப் பிறகு யோசிப்பம்" என்றார் பரமநாதன்.

இந்தத் தடவை கார் ஒரு தரம்கூட நிற்கவில்லை. ஏரிக்கரை வளைவில் எஞ்ஜின் குரல் உயர்ந்தபோது உதயகுமாரி அவருடைய தோளைப் பிடித்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். தரிப்பிடத்துக்குத் திரும்புகிற இடம் வந்ததும் அவர் வேகத்தைக் குறைத்தார்.

"இஞ்சேருங்கோ" என்றாள் அவள். "இன்னொருக்கா அந்த வீதித் தொங்கல் வரைக்கும் போட்டு வருவமே?"

தரிப்பிடத்தில் ரங்கராஜன் கையசைத்தான். நீலக் கார் அவனைத் தாண்டிப் போய்விட்டது. அனஸ்ரேசியா அவனிடம் ஒரு ரோல்ஸை நீட்டினாள்.