ஏழாவது ஸ்லைடு

பூந்தமல்லியில் பாஸ்கல் வீட்டுக் கூடத்தில் கேமராப் பெட்டி வாய் திறந்து கிடந்தது. ஞானகுமாரி அதன் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, அடுக்கியதையெல்லாம் மறுபடி வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. பாஸ்கல் படமெடுக்க ஊர் ஊராகப் போனபோதெல்லாம் வாசலில் நின்று வழியனுப்பியதோடு சரி. இந்தத் தடவைதான் அவளையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். பட்டணத்தில் தபால் அட்டை அச்சடிக்கிற வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று கொல்லிமலைக் காட்சிகள் கேட்டிருந்தது. மலையேற ஒரே ஒரு சுமையாள்தான் கிடைப்பான். சாமான் முழுக்க ஒரே பெட்டியில் அடங்கினால் அவன் தோளில் அவள் துணிமூட்டைக்கும் இடமுண்டு. அடங்காவிட்டால் அவள் வீட்டில்தான்.

அதனால் அவள் ஈவிரக்கம் பார்க்கவில்லை. முகப்படத்துக்கு வைத்திருந்த பெரிய பித்தளை லென்ஸ் மலையில் எதற்கு? அது அலமாரிக்குப் போயிற்று. அகலக் காட்சிக்கான சின்ன லென்ஸ் போதும். படம் கழுவும் தட்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினாள். எழும்பிய படம் அழியாமல் நிறுத்துகிற ஹைப்போ உப்பைத் துணியில் முடிந்து அதற்குள் வைத்தாள். துருத்திக் கேமராவைச் சுற்றிப் பழைய புடவையைத் திணித்தாள். முக்காலியைத் தனியே தோல்வாரால் கட்டிக்கொள்ளலாம். கேமராவின் பின்னால் செருகுகிற ஸ்லைடுகளைப் பெட்டியின் ஓரத்தில் நிறுத்தினாள். ஒவ்வொரு மரச்சட்டத்துக்குள்ளும் ஒரு கண்ணாடித் தகடு. மொத்தம் ஆறு. மூலையில் மிஞ்சிய சந்தில் தன் கல்யாணப் பட்டுப்புடவையை மடித்து வைத்தாள். அருவிப் பக்கத்தில் அதைக் கட்டிக்கொண்டு ஒரு படமாவது எடுத்துக்கொள்ள வேண்டுமென்று அவளுக்கு ஆசை.

அடுப்பில் கஞ்சியை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் பட்டுப்புடவை தரையில் இருந்தது. அதன் இடத்தில் ஏழாவது ஸ்லைடு நின்றது. அதன் கழுத்தில் கறுப்பு நூல்.

கறுப்பு நூல் ஸ்லைடைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது. அடக்கத்துக்கு முன்னால் செத்தவர்களைப் படமெடுப்பதற்கென்றே பாஸ்கல் அதைத் தனியாக வைத்திருந்தான். காட்டுப்பாக்கத்தில் கல்யாண வீட்டுக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்த்து, அது இல்லையென்று உறுதியான பிறகுதான் அவனைப் பந்தலுக்குள் விடுவார்கள். கடைசியாக அதில் அவன் எடுத்தது தன் முதல் மனைவி தெரசாவை. வேறு யாரையும் எடுக்கவிடாமல், அழுதுகொண்டே அவனே எடுத்தானாம். அதற்குப் பிறகு சாவு வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டான். மூன்று வருஷமாகியும் அந்தத் தகட்டைக் கழுவவே இல்லை.

அவன் ஒவ்வொரு பயணம் முடிந்து திரும்பும்போதும் பெட்டிக்குள் அந்த ஏழாவது இருப்பதை ஞானகுமாரி பார்த்திருக்கிறாள். செத்தவளைச் சுமந்துகொண்டு திரிகிறார் என்று நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். வாய் திறந்து கேட்டதில்லை. இன்று கேட்டுவிட்டாள்.

"இத மட்டும் உட்டுட்டு வரக்கூடாதாங்க? ஒவ்வொரு வாட்டியும் எட்த்துகினு போறீங்க, நான் ஒண்ணும் கேக்கல. இந்த வாட்டி நானும் வரேன் இல்ல?"

முக்காலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த பாஸ்கல் நிமிர்ந்தான்.

"நானா எட்த்துகினு போறேன்? நீதானே வக்கிற."

"நானா?"

"செத்தவமேல மனசு எரங்கி நீ வக்கிறேன்னு நெனச்சுகினு கீறேன், ஞானம். அதான் உன்னாண்ட அதப்பத்திப் பேசல."

இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள். நல்ல பகல். தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனாள்.

அவன் மெதுவாகச் சொன்னான். அந்தக் காலத்தில் பெட்டி அடுக்கியதெல்லாம் தெரசாதான். எந்த இருட்டிலும் கைவிட்டால் வேண்டியது கிடைக்குமாம். ஆனால் ஒரு பயணத்துக்குக்கூட அவள் கூட வந்ததில்லை. மழை நிற்கட்டும், அம்மை போட்டது இறங்கட்டும், அடுத்த தடவை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது.

சொல்லி முடித்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. இந்தப் பயணமே வேண்டாம், கம்பெனிக்கு ஆள் சொல்லி அனுப்பிவிடுகிறேன், நீ வீட்டிலேயே இரு என்றான்.

ஞானகுமாரிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் 'வீட்டிலேயே இரு' என்ற சொல் அந்தப் பயத்தைவிட ஆழமாக இறங்கியது.

"அவங்க மாரி நானும் பொட்டி கட்டிகினே குந்திகினு இருக்கமாட்டேன். கழுவிப் பாத்துடலாம், வாங்க."

நெல் வைக்கும் சிற்றறைதான் அவர்களுடைய இருட்டறை. கதவிடுக்கில் துணி திணித்து, சிவப்புக் கண்ணாடி விளக்கை ஏற்றினான். தகட்டை உருவி மருந்துத் தட்டில் இட்டான். தட்டை அவள் வாங்கி மெல்ல ஆட்டினாள். சவப்பெட்டியும் மெழுகுவத்தியும் இப்போது எழும்பும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

எழும்பியது கடல். பாறை. அதன்மேலேயே மங்கலாக ஓர் அருவி. அதற்கும் மேலே ஒரு கோட்டைச் சுவர். கல்யாணமான இந்த ஒரு வருஷத்தில் பாஸ்கல் போய் வந்த இடங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. சவப்பெட்டி எங்கேயும் இல்லை.

"எடமெல்லாம் நான் போனதுதான்," என்றான். "ஆனா நான் எட்த்தது இல்ல. நான் நின்னதுக்குப் பக்கத்துல நின்னு பாத்தாப்ல கீது."

அவள் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள். ஓரத்தில் முக்காலி, அதன்மேல் கேமரா. அதன் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் குனிந்து நிற்கும் ஒருவன். சட்டையின் முழங்கையில் ஒட்டு. போன மாதம் அவள் போட்ட ஒட்டு.

வாசலில் மாட்டு வண்டியின் மணி கேட்டது. ஆவடி ஸ்டேஷனுக்குப் போக வண்டிக்காரன் துலுக்கானம் வந்துவிட்டான். பாஸ்கல் அசையவில்லை. ஞானகுமாரிதான் தகட்டை ஹைப்போ உப்பு நீரிலிட்டு, அலசி, சுவரில் சாய்த்துக் காயவைத்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் தடவி ஒரு புதுத் தகட்டை எடுத்து அதே ஸ்லைடில் செருகினாள். கறுப்பு நூலை அவிழ்க்கவில்லை.

கூடத்துக்கு வந்து பட்டுப்புடவையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஏழாவது ஸ்லைடு அந்தச் சந்தில் அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. ஊரில் இறங்கியதும் முதலில் வேண்டியது படமெடுக்கும்போது தலையை மூடிக்கொள்கிற கறுப்புத் துணி; அதனால் அதைக் கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். எடுக்கலாம் என்று அது தொங்கும் ஆணியைப் பார்த்தாள். ஆணி வெறுமையாக இருந்தது. துணி பெட்டிக்குள்ளேயே, எல்லாவற்றுக்கும் மேலே, நாலாக மடிந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். யாரோ மடியில் வைத்திருந்து இப்போதுதான் இறக்கியதுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

மூடியைச் சாத்தினாள். "வாங்க, ரயில் போயிடும்," என்று பாஸ்கலின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

துலுக்கானம் பெட்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் ஏற்றி வைத்துவிட்டுக் கேலி செய்தான். "இன்னா நைனா, இந்த வாட்டி பொட்டி லேசா கீது? அருவி பாக்க அண்ணியக் கூட்டிகினு போறதால எல்லாத்தையும் மறந்துட்டியா?"

ஊர் எல்லை தாண்டியதும் வண்டி பின்பக்கம் தாழ்ந்தது. நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ள, மாடுகள் கழுத்தை உதறின.

"பின்பாரம் வாங்குது. ரெண்டு பேரும் முன்னால நவுந்து குந்துங்க," என்றான் துலுக்கானம், திரும்பாமலே.

அவர்கள் முன்னால்தான், பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்கலின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. பின்னால் வைக்கோல் மெத்தை மட்டும்தான் இருந்தது. அது லேசாகச் சரசரத்தது.

ஞானகுமாரி திரும்பிப் பார்க்கவில்லை. காலடியில் கிடந்த தன் துணிமூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். ஸ்டேஷன் வரைக்கும் தெரசாவாவது காலை நீட்டிக்கொண்டு வரட்டும்.