மேசையில் சொன்னது

கற்பூரக் கட்டியை அம்மியின் ஓரத்தில் வைத்து இடித்துக்கொண்டிருந்தாள் ஸல்ஹா. பின்முற்றத்தில் படுக்கை விரிப்புகளால் மறைப்புக் கட்டி அவளுடைய அண்ணன் பஸ்லான் நானாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் குசினி வரைக்கும் கேட்டது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் விட்ட பிள்ளை. நேற்றுப் பின்னேரம் வரை கதைத்துக்கொண்டுதான் இருந்தான்.

"போதும் புள்ள, மாவாக்காத," என்றாள் அஸ்மியா சாச்சி. உம்மாவின் தங்கை. விடிந்ததிலிருந்து இந்த வீட்டை அவள்தான் நடத்துகிறாள். "கபன் துணி சுத்தின பொறகு முகம் பார்க்க விடுவாங்க. அப்ப ஒவ்வொருத்தரும் கிட்டப் போய் 'நான் பொறுத்துட்டேன்' எண்டு வாயால சொல்லோணும். மனசில ஒண்டை வச்சிக்கிட்டு மையத்தை அனுப்பப்படாது. உனக்கும் அவனுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை சண்டை! தெளிவாச் சொல்லு, என்ன?"

ஸல்ஹா தலையாட்டினாள். அவள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. நானாவிடம் பொறுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவளுடைய பங்கு வட்டிலப்பத்தைத் தின்றான். அவ்வளவுதான்.

அப்போதுதான் குசினி வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வெள்ளைச் சல்வார், நெற்றியில் பொட்டு இல்லை, ஆனால் இருந்த இடம் தெரிந்தது. கேற்றடியில், ஊருக்குள் திரியும் மான்கள் நின்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்ததால் மதிலோரமாகச் சுற்றி வந்திருந்தாள், செருப்பெல்லாம் சேறு.

"நான் தயாளினி. பஸ்லானோட போனில கேம் விளையாடுற ஆள். மற்றப் பொடியன்கள் முன்னால ஆம்பிளைகளோட இருக்கிறாங்கள்." அவள் ஸல்ஹாவையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "நீங்கள்தானே ஷம்ரா?"

கற்பூரம் இடித்த கல் ஸல்ஹாவின் கையிலேயே நின்றுவிட்டது.

ஷம்ரா என்று ஒருத்தி இருப்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஸல்ஹாவுக்குத் திக்குவாய். பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் விட்டாள் என்று கேட்டுக் கேட்டு உம்மாவும் வாப்பாவும் களைத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் பஸ்லான் ஒரு மேசை விளையாட்டைக் கொண்டுவந்தான். ஜெட்டிப் பக்கம் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தால் கடை பூட்டு. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, லூடோத் தாயக்கட்டையை நடுவில் வைப்பான். அவன் கதை சொல்வான். கதைக்குள் இருக்கும் ஆளாக அவள் பேசவேண்டும். நினைத்தது நடக்குமா என்பதைக் கட்டை சொல்லும். அவள் தனக்கென்று உண்டாக்கிய ஆள்தான் ஷம்ரா: விளக்கில்லாத கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் மாலுமி. ஷம்ராவாகப் பேசும்போது ஸல்ஹாவின் நாக்கு எதிலும் தட்டுவதில்லை.

போனில் ஆடும் விளையாட்டைத் தனக்கும் பழக்கும்படி ஒருமுறை கேட்டாள். பஸ்லான் சிரித்தான். "அதில கதையை எவனோ எழுதி முடிச்சிட்டான். நீ ஓடலாம், சுடலாம். செத்தா மறுபடி எழும்பலாம். ஆனா நீ ஒண்டு சொன்னா அதுக்குக் கேக்காது. இஞ்ச நீ சொல்லுறதுதான் நடக்கும். செத்தா செத்ததுதான், அதனால யோசிச்சுச் சொல்லு." பிறகு விரலால் மேசையைத் தட்டினான். "இன்னொண்டு. மேசையில சொன்னது மேசையோட. உம்மாட்டயும் சொல்லப்படாது."

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"சத்தமாச் சொல்லமாட்டன்," என்று தயாளினி இன்னும் கிட்ட வந்தாள். "உங்களப் பார்த்தா கட்டிப் பிடிக்கோணும் எண்டு எத்தனை நாள் நினைச்சனான். நாங்கள் ஆறு பேர். கிழமை முழுக்கச் சுட்டுக்கொண்டுதான் திரியிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் ஒருத்தரும் சுடமாட்டம். எங்கட மைக்கை மூடிப்போட்டு உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பம். இக்ராம் தோப்பூரில வயலுக்க நிண்டு கேப்பான். ஷம்ரா புயலுக்குள்ள போனண்டைக்கு வரம்பில வழுக்கிச் சேத்துக்குள்ள விழுந்தவன், தெரியுமோ?"

மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்து வைத்த பஸ்லானின் போன் ஸல்ஹாவுக்கு நினைவு வந்தது. கடல் சத்தம் போடுவதற்கு என்றான். அலைச் சத்தம் இருந்தால்தான் கப்பல் கதை களைகட்டும் என்றான். ஒவ்வொரு வெள்ளியும் அது அங்கேதான் இருந்தது.

"எ... எல்லாத்தையும் கே... கேட்டீங்களா?"

"எல்லாம்தான். துறைமுக அதிகாரி ஷம்ராவ மறிச்சு, ஏன் படிப்பை விட்டனி எண்டு கேட்டவரெல்லோ. அண்டைக்கு..." தயாளினி ஸல்ஹாவின் முழங்கையைத் தொட்டாள். "வாசிக்கச் சொல்லி எழுப்பி விட்டது. வகுப்பே திக்கித் திக்கிப் பழிச்சுக் காட்டினது. பயத்தில யூனிபோம் நனைஞ்சு, புத்தகப் பையைப் பின்னால பிடிச்சுக்கொண்டு வீடு மட்டும் நடந்து வந்தது. நாங்கள் எல்லாரும் அழுதனாங்கள். வினோதன் பிறகு ரெண்டு நாள் கேமுக்கே வரேல்ல."

ஸல்ஹா அம்மியைப் பார்த்தாள். அந்த நடையை அவள் உம்மாவிடம் சொன்னதில்லை. நனைந்த பாவாடையைத் தானே கிணற்றடியில் அலசிக் காயப்போட்டாள். ஷம்ராவின் வாயால், ஒரே ஒரு தரம், அண்ணனுக்கு முன்னால்தான் சொன்னாள். பஸ்லான் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. கட்டையை உருட்டவும் இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் தள்ளி வைத்தான். அந்தக் கோப்பைக்கு அப்பால் போன் திறந்திருந்தது.

அவளுடைய முகத்தைப் பார்த்த தயாளினியின் கை மெல்ல விலகியது.

"உங்களுக்குத் தெரியாதோ? பஸ்லான் எங்களிட்ட, தங்கச்சிட்டக் கேட்டனான், அவள் ஓமெண்டவள் எண்டுதானே சொன்னவர். ஆக்கள் கேக்கிறது நினைவு வந்தா வெட்கத்தில கதைக்கமாட்டாள், அதால நீங்கள் மூச்சுக் காட்டக்கூடாது எண்டு..." அவள் நிறுத்தினாள். "ஐயோ. சத்தியமா எங்களுக்குத் தெரியாது."

"ஏ புள்ள, கற்பூரம் எங்க?" சாச்சி வந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கபனிட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. மூக்கு ஓரத்தில் ஆஸ்பத்திரி பிளாஸ்டர் ஒட்டிய தடம். ஆண்கள் முற்றத்துக்கு ஒதுங்க, பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "என்ட புட்டுக்கு உப்பில்ல எண்டு நக்கலடிச்சதையும் பொறுத்துட்டேன் மகன்," என்றதும் இரண்டு பேர் அழுகைக்குள்ளேயே சிரித்தார்கள். உம்மா குனிந்து அவன் நெற்றியில் கன்னத்தை வைத்தாள். "பொறுத்துட்டேன் என்ட மகன். எல்லாம் பொறுத்துட்டேன். நீயும் உம்மாவப் பொறுத்துக்க."

பிறகு எல்லோரும் ஸல்ஹாவைப் பார்த்தார்கள்.

அவள் போய் உட்கார்ந்தாள். அவன் தூங்கும்போது இருப்பதைப் போலத்தான் இருந்தான். ஏன் என்று கேட்டால் எழுந்து ஏதாவது சமாளிப்பான் போல இருந்தது. நல்ல கதை புள்ள, நாலு பேர் கேட்டா என்ன என்பான். அப்படிச் சொல்லியிருந்தால் கத்தியிருக்கலாம். கட்டையைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஒரு கிழமை கதைக்காமல் இருந்துவிட்டு, பிறகு கதைத்திருக்கலாம்.

"சுணங்குது," என்று வாசலில் வாப்பாவின் குரல் கேட்டது. "லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குக் கொண்டுபோகோணும்."

"சொல்லு மகள்," என்றாள் உம்மா.

தூரத்தில் எங்கோ கப்பலொன்று ஊதியது. அறைக்குள் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

சாச்சி அவளுடைய தோளில் கை வைத்தாள். "கூச்சப்படுற பிள்ளை. இத்தனை பேருக்கு முன்னால எப்பிடிச் சொல்லுவாள்? மனசுக்குள்ள சொல்லிட்டாள். அது போதும். சந்தூக்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்க."

பெண்கள் ஒதுங்கத் தொடங்கினார்கள்.

"நா..." என்றாள் ஸல்ஹா.

எல்லோரும் நின்றார்கள்.

"நா... நான் சொ... சொ..." சாச்சி அந்தச் சொல்லை முடித்துவைக்க வாயெடுத்தாள். உம்மா கையை உயர்த்தி அவளைத் தடுத்தாள். சுவரோரம் நின்ற தயாளினி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொ... சொல்லேல்ல."

உம்மா மகளின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனாள்.

"கொஞ்சம் நில்லுங்க," என்று வெளியே நின்ற ஆண்களிடம் சொன்னாள். "பிள்ளை இன்னும் கிட்ட இருக்கிறாள்."

பஸ்லானின் கன்னத்தருகே கபன் துணியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. ஸல்ஹா கையை வீசி அதை ஓட்டினாள். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவன் இமைக்கு வந்தது. இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்து, மறுபடியும் ஓட்டினாள்.